பிரேம் வீதமும் வாங்கியவரின் இரண்டு மணி நேரமும்

திரையில் ஒரு விநாடிக்குள் எத்தனை படங்கள் புதிதாக வரையப்படுகின்றன என்ற கணக்கே பிரேம் வீதம் எனப்படும். 30 பிரேம் என்றால் ஒரு படத்தை வரைய இயந்திரத்துக்கு ஏறத்தாழ 33 மில்லி விநாடியும், 60 என்றால் அதில் பாதியும்தான் கிடைக்கும் என்பதால், வீதத்தை உயர்த்துபவர் நிழலின் நுணுக்கத்தையோ தொலைதூரக் காட்சியையோ குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2023 செப்டம்பரில் வெளிவந்த ‘ஸ்டார்ஃபீல்டு’ என்ற விண்வெளித் தேடல் விளையாட்டு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலில் 30 பிரேமுக்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருந்தது. காட்சித் தரமா, வேகமா என்பதை விளையாடுபவரே தீர்மானிக்கும் வசதி 2024 மே மாதப் புதுப்பிப்பில்தான் கிடைத்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தத் தேர்வு வெயிலோடும் சேர்ந்தது. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும் நாளில் மடிக்கணினியின் விசிறி அறையின் சூடான காற்றையே உள்ளிழுப்பதால், சில்லு தன் வெப்ப வரம்பைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. முதல் பத்து நிமிடம் சீராக ஓடிய காட்சி அதன்பின் திக்கத் தொடங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். மின்சாரக் கணக்கும் இதில் உண்டு: பிரேம் வீதத்துக்கு வரம்பு வைத்து 100 வாட் மிச்சமானால், நாளுக்கு நான்கு மணி நேர விளையாட்டில் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் குறையும். வீட்டு மின் கட்டணத்தில் அந்த இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் படிநிலையே மாறிவிடும் என்பதால் இந்த 24 யூனிட்டைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டு கணினியில் சரியாக ஓடாவிட்டால், அதை 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். செட்டிங்ஸ் பக்கத்தில் தடுமாறும் நேரமும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ‘ஸ்டார்ஃபீல்டு’ ஒரு சுரங்கத்துக்குள் தொடங்குகிறது. இயந்திரத்தை உண்மையில் சோதிப்பதோ, மனிதர்கள் நிறைந்த நியூ அட்லாண்டிஸ் நகரம். ஆகவே கதையில் மூழ்கிவிடாமல் நகரம் வரை விரைந்து சென்று, பிரேம் எண்ணைத் திரையில் தெரியவைத்துப் படம் பிடித்துக்கொள்வது நல்லது.

கணினி விற்பவரிடம் வேறு எச்சரிக்கை தேவை. “எல்லா கேமும் ஓடும்” என்ற வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எவ்வளவு நினைவகம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. இணையத்தில் விற்கப்படும், விளையாட்டு போன்ற டிஜிட்டல் பொருட்களும் அச்சட்டத்தின் மின்வணிக வரையறைக்குள் வருகின்றன. சொன்ன கார்டு உள்ளே இல்லையென்றாலோ, வழக்கமான பயன்பாட்டிலேயே கணினி அணைந்துபோனாலோ, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நாமக்கல்லில் குடியிருப்பவர் நாமக்கல் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.