வசந்தமும் விடுதலையும்

மாட்டுங்காவில் மின்சார ரயில் ஏறி மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினால், அருகே சாமுவேல் தெருவில் யூதர் ஆலயம் ஒன்றைக் காணலாம். 'கருணை வாயில்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்வாலயம் 1796-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதை எழுப்பியோர் கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் செக்காட்டி வாழ்ந்து, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பெனே இஸ்ரேல் மக்கள். அவர்களுடைய பஸ்கா பண்டிகை வசந்தத்தில் வருவது ஏன் என்று பார்ப்போம்.

எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் திருநாள் பஸ்கா. மாவு புளிக்கும் வரை காத்திராமல் புறப்பட்டவர்கள் அவர்கள். ஆதலால் அந்நாட்களில் புளிப்பில்லா அப்பமே உண்பர். அவர்கள் வெளியேறிய மாதத்தை வேதம் 'ஆபிப்' என்கிறது. வாற்கோதுமை கதிர் பிடிக்கும் பருவம் என்பது அதன் பொருள். மண்ணுள் கிடந்த விதை வெளிவருவதும், தளையுள் கிடந்த மக்கள் வெளிவருவதும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. அடிமைத்தனமே உலக இயற்கை என்பான் ஆள்பவன். வசந்தம் அதை மறுக்கிறது.

ஆயினும் இப்பண்டிகை தானாக வசந்தத்தில் நிற்பதில்லை. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டுக்கு 365. ஆண்டுக்குப் பதினொரு நாள் பின்வாங்கினால், பதினாறு ஆண்டுகளில் பஸ்கா இலையுதிர் காலத்துக்குப் போய்விடும். எனவே 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகின்றனர்; நம் நாட்டுப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாதம் போன்றதே இது. அவ்வாறு கூட்டிய 2024-இல் பஸ்கா இரவு ஏப்ரல் 22; நமது சித்திரா பௌர்ணமி மறுநாள். வசந்தம் கேளாமல் வரும். விடுதலையின் நினைவையோ மனிதன் முயன்று காக்க வேண்டும்.

கொங்கணத்தில் ஏப்ரல் என்றால் கடுங்கோடை; வாற்கோதுமைக் கதிரும் இல்லை. நூல்களை இழந்த பெனே இஸ்ரேல் மக்கள் எகிப்தின் கதையையும் மறந்தனர். ஆனால் அந்தப் பருவத்தில், காரணம் அறியாமலே, புளிப்புச் சாறு வைத்திருக்கும் ஜாடியை மூடிவைத்தனர். 'ஜாடி மூடும் பண்டிகை' என்றே மராத்தியில் அதற்குப் பெயர். பஸ்கா இரவில் ஓதும் நூல் 1846-இல் மராத்தி மொழிபெயர்ப்புடன் பம்பாயில் அச்சாயிற்று. மூடிய ஜாடிக்குப் பொருள் மீண்டது.

நண்பர்களே, வயலே காணாத இந்நகர அடுக்ககங்களில் நாமும் பொங்கல் வைக்கிறோம். பானையும் கரும்பும் இருக்கின்றன, பருவம் இல்லை. பஸ்கா இரவில் வீட்டின் இளையபிள்ளை, 'இந்த இரவு மட்டும் ஏன் வேறுபட்டது?' என்று கேட்க, பெரியோர் விடை சொல்வர். அந்தக் கேள்வியும் விடையும் வழிபாட்டின் பகுதியே. நம் வீட்டுப் பிள்ளைகளும் 'ஏன்?' என்று கேட்பர். அவர்களிடம் உழவையும் தையையும் பற்றிச் சொல்ல நாம் கற்றிருக்க வேண்டும்.