கொடுத்தவரை மறவாத தொண்டு

புது வாடிக்கையாளர் ஒருவரைக் கடைக்குள் வரவழைக்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! நோட்டீஸ் அடிக்கிறோம், பலகை வைக்கிறோம், ஆடித் தள்ளுபடி என்கிறோம். ஆனால் கடையை உண்மையில் வாழ வைக்கிறவர் பத்து வருடமாக மாதா மாதம் மளிகைச் சீட்டை நீட்டுகிற பழைய வாடிக்கையாளர்தான். அவர் இரண்டு மாதம் வராவிட்டால், கடைப் பையனை அனுப்பி என்ன ஏது என்று விசாரித்து வரச் சொல்கிறோம்.

இந்த வியாபார அறிவு தர்ம காரியத்துக்கும் அப்படியே பொருந்தும். போரிலும் பஞ்சத்திலும் வீடிழந்தவர்களுக்கு உதவும் உலக அமைப்புகள் பலவற்றுக்கு, ஒருமுறை நன்கொடை தந்தவரை விட்டுவிடாமல் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதற்கு மின்னஞ்சல் முக்கியக் கருவி. இந்த வேலையை வீட்டிலிருந்தபடியே, ஊதியம் பெறாமல் செய்து கொடுக்கும் தொண்டர்களும் உண்டு. இத்தொண்டு எப்படிப்பட்டது, அதில் எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்தத் தேவை?

ஓர் அமைப்பை எடுத்துக் கொள்வோம். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரகம் 1950 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையால் ஏற்படுத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்து, 34 ஊழியர்களுடன் தொடங்கினார்கள். வேலை முடியவில்லை, வளர்ந்தது. 1954-லும் 1981-லும் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. நமக்கும் இது அந்நியமானதல்ல. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இலங்கை திரும்பிய அகதிகள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் செல்கிறார்களா என்று 1992 முதல் சென்னையில் நேரில் கேட்டறிந்த அமைப்பு இதுவே.

ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து இதற்குக் கிடைப்பது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் மனமுவந்து தருகிற பணம். அதில் பெரும்பகுதியை அரசாங்கங்கள் தருகின்றன. அரசாங்கங்கள் கையை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டிவிட்டது. பெரிய நாடுகள் உதவியைக் குறைத்ததால், அந்த ஆண்டு ஜூன் மாதம் சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக இந்த அமைப்பு அறிவித்தது. அந்த நிலையில், மாதம் 500 ரூபாய் தவறாமல் தருகிற தனி மனிதரின் மதிப்பு உயர்கிறது. மேலும் அரசாங்கப் பணம் பெரும்பாலும் "இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு" என்று நிபந்தனையோடு வரும். தனி நபர் தரும் பணத்தில் பெரும்பகுதியை, எங்கே அவசரமோ அங்கே உடனே அனுப்பலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணத்துக்கு, 100 பேர் வருடத்துக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு வருடமும் 100-க்கு 40 பேர் மட்டுமே நிலைத்தால், இரண்டாம் வருடம் 40 பேர், மூன்றாம் வருடம் 16 பேர், நான்காம் வருடம் 6 பேர். நான்கு வருட வரவு 1,62,000 ரூபாய். 100-க்கு 60 பேர் நிலைத்தால் 60, 36, 22 என்று போகும். வரவு 2,18,000 ரூபாய். ஒரு புது ஆளைக்கூடச் சேர்க்காமல் 56,000 ரூபாய் அதிகம்!

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. அமெரிக்காவில் நன்கொடை நிலவரத்தை வருடா வருடம் கணக்கெடுக்கிறார்கள். ஒரு வருடம் கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மறு வருடம் அதே அமைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்பதே அதில் திரும்பத் திரும்பத் தெரிவது. முதல் தடவை கொடுத்தவர்களில் நிலைப்பவர்கள் அதைவிடவும் குறைவு. புதியவரைத் தேடும் செலவு அதிகம் என்பது நமக்குத் தெரியாததா? அடியில் ஓட்டை உள்ள மூட்டையில் மேலே மேலே அரிசி கொட்டுவது போன்ற கதைதான்.

தொண்டர் செய்யும் வேலைகள்

முதல் வேலை, பட்டியலைச் சுத்தம் செய்வது. ஒரே ஆளின் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும், எழுத்துப் பிழையோடு இருக்கும், செயலற்றுப் போயிருக்கும். வருட முடிவில் சரக்கு இருப்பு எடுப்பது போல இதையும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிரித்து வைப்பது. மொத்த வியாபாரிக்கும் சில்லறை வாடிக்கையாளருக்கும் நாம் ஒரே விலைப் பட்டியலைக் கொடுப்பதில்லை. அதுபோலவே முதல் தடவை கொடுத்தவர், மாதா மாதம் கொடுப்பவர், ஒரு வருடமாகக் கொடுக்காதவர் என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற கடிதம் எழுத வேண்டும். மாதா மாதம் கொடுப்பவருக்கு "இன்றே முதல் நன்கொடை தாருங்கள்" என்று கடிதம் போனால், "நம்மை இவர்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று அவர் மனம் கசந்து போகும்.

மூன்றாவது, நன்றி. ரசீது வேறு, நன்றி வேறு. ரசீது கணக்குக்கு, நன்றி மனிதருக்கு. பணம் வந்த ஓரிரு நாளிலேயே நன்றிக் கடிதம் போக வேண்டும். அதில் மறுபடி பணம் கேட்கவே கூடாது. சில வாரம் கழித்து, கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று ஒரு கடிதம் போக வேண்டும். கூடாரமா, போர்வையா, குடிதண்ணீரா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த கோரிக்கை அதற்குப் பிறகுதான்.

நான்காவது, விட்டுப் போனவரை விசாரிப்பது. எல்லோரும் மனம் மாறி நிற்பதில்லை. பலருக்கு வங்கி அட்டையின் காலம் முடிந்திருக்கும். நம் நாட்டில் 2021 அக்டோபர் 1 முதல் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கூடுதல் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, கொடுக்கும் மனம் இருந்தும் பலரது மாதத் தவணை நின்றது. இத்தகையவர்களுக்கு ஒரு நினைவூட்டல் போதும்.

ஐந்தாவது, சோதித்துப் பார்ப்பது. கடிதத்தின் தலைப்பு வரியை இரண்டு விதமாக எழுதி, பட்டியலில் ஒரு சிறு பகுதியைச் சரிபாதியாகப் பிரித்து அனுப்பிப் பார்ப்பார்கள். எது நல்ல பலன் தருகிறதோ அதை மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை இப்போது நம்ப முடியாது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாட்டால், படிக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். எத்தனை பேர் கடைக்கு எட்டிப் பார்த்தார்கள் என்பதைவிட, கல்லாவில் என்ன விழுந்தது என்பதே கணக்கு.

கடிதம் போய்ச் சேர வேண்டுமே!

ஜிமெயில், யாஹூ இரண்டும் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கின. அனுப்புகிறவர் உண்மையான ஆள்தான் என்பதற்குத் தொழில்நுட்பச் சான்று வேண்டும். "இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரே தட்டலில் விலகும் வசதி இருக்க வேண்டும். விலகக் கேட்டவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். "இது வேண்டாத குப்பை" என்று புகார் செய்பவர்கள் ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவை எட்டினால், மற்றவர்களுக்கு அனுப்பும் கடிதமும் குப்பைத் தொட்டிக்குப் போகும் அபாயம் உண்டு. ஆகவே விருப்பமில்லாதவரைப் பிடித்து வைப்பது நமக்கே நஷ்டம். போகிறவரை வாழ்த்தி வழியனுப்புவதே வியாபார தர்மம்.

கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 2015-இல் அங்கே 92 வயது மூதாட்டி ஒருவருக்குத் தர்ம அமைப்புகளிடமிருந்து ஓயாமல் கடிதங்கள் வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. விசாரித்ததில், 99 அமைப்புகளிடம் அவர் முகவரி இருந்தது தெரிந்தது. முகவரிகள் கை மாறியிருந்தன. அதன் விளைவாக 2016-இல் நிதி திரட்டலைக் கண்காணிக்கத் தனி அமைப்பே உருவானது.

முகவரிப் பட்டியல் என்பது நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் இதற்குக் கடுமையான சட்டம் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தொண்டர் அந்தப் பட்டியலைத் தன் சொந்தக் கணினியில் நகல் எடுத்து வைப்பதோ, நம் கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதோ பெருந்தவறு. அகதிகளின் கதையை எழுதும்போதும் அப்படியே. அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ இருக்கும் இடமோ வெளிவந்தால், விட்டு ஓடி வந்த ஆபத்து அவர்களைத் தேடி வரலாம். கண்ணீரைக் காட்டிப் பணம் பறிப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நாங்கள் பட்ட பாடம்

இதையெல்லாம் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நாங்களும் ஒருமுறை வெள்ள நிவாரணத்துக்குக் கடை கடையாக ஏறி வசூல் செய்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. அரிசி, போர்வை எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு பைசா வீணாகவில்லை. ஆனால் கொடுத்தவர்களுக்கு என்ன செய்தோம் என்று சொல்ல மறந்தோம். மறுமுறை ரசீதுப் புத்தகத்தோடு போனபோது, ஒரு பெரியவர், "அண்ணாச்சி, போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் சந்தேகம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பதில் சொல்லும் போதே எங்கள் தலை குனிந்தது. அன்று கல்லாவிலிருந்து எடுத்துத் தந்த கைகளில் பல, இம்முறை "பிறகு பார்க்கலாம்" என்றன. ஒரு பக்கக் கணக்கை அச்சடித்துக் கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திராது.

சேர்வது எப்படி?

ஐ.நா. தொண்டர் அமைப்பு ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000 முதல் இணையவழித் தொண்டுக்கும் அங்கே வழி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஊதியம் இல்லை. வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். எழுதுவது, மொழிபெயர்ப்பது, பட்டியல் பார்ப்பது என்று தெரிந்ததைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பதிவுக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பணம் கட்டச் சொல்லி எவராவது கடிதம் எழுதினால் அது மோசடி என்று உடனே முடிவு கட்டிவிடலாம்.

ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடித்துத் தர வேண்டும். சம்பளமில்லாத வேலைதானே என்று அலட்சியம் கூடாது. பெயர், தொகை, தேதி மூன்றையும் இருமுறை சரிபார்த்த பிறகே கடிதம் போக வேண்டும். அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

வாடிக்கையாளரின் பெயரை நினைவில் வைப்பது, சொன்ன சொல் தவறாதது, கணக்கை ஒளிக்காதது, வந்தவருக்கு நன்றி சொல்வது ஆகிய இவை நான்கும் நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாக உள்ளவை. அவற்றையே வீடிழந்த ஒரு குடும்பத்துக்காக வாரம் சில மணி நேரம் பயன்படுத்தச் சொல்கிறோம். அதற்கு முன்பாக, நம் சங்கத்து நிவாரண ரசீதுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். நன்றி சொல்லாமல் விட்ட பெயர்கள் அதில் எத்தனையோ!