மருளும் சட்டமும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பின் எண்வகை எச்சங்களை எண்ணிக் கூறுகின்றார். குருடு, கூன், ஊமை, செவிடு முதலியவற்றோடு ‘மருள்’ என்பதும் அங்கு இடம்பெறுகின்றது. இவற்றைப் பயனற்ற பிறவிகளென ஒதுக்கும் நோக்கு நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும், அறிவுமயக்கம் பிறவியோடு ஒட்டிய நிலைகளின் வரிசையில் வைத்தெண்ணப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. இடையில் வந்து சேரும் உளநோய் வேறு, வளர்ச்சிப் பருவத்திலேயே வேர்கொள்ளும் அறிவுசார் குறைபாடு வேறு. நீதிமன்றம் ஒருவரை உளமருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்போது இவ்வேறுபாடு பேணப்படுகின்றதா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறியவியலாத சித்தசுவாதீனமற்றவரைக் குற்றப்பொறுப்பினின்றும் விலக்குகின்றது. இது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும், அதன்வழி 1843இன் ஆங்கிலேய மக்னோட்டன் விதிகளையும் அடியொற்றியது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையோ வேறொரு வினாவை எழுப்புகின்றது: எதிரி இன்று தம் கட்சியை எடுத்துரைக்க வல்லவரா? இவ்விரு வினாக்களுக்கும் ‘சித்தசுவாதீனமின்மை’ என்ற ஒரே சொல்லே அளவுகோலாகின்றது. உளநோயாளர் சிகிச்சையால் தெளிவு பெறலாம், விசாரணை தொடரலாம். அறிவுசார் குறைபாட்டை மருந்தால் அகற்ற முடியாது. எனவே தெளிவை எதிர்பார்த்துக் காப்பில் வைத்தல் அவருக்கு எல்லையற்ற காத்திருப்பாக மாறக்கூடும்.

மருத்துவ நோக்கில் இக்குறைபாட்டைத் துணிவதற்கு மூன்று அம்சங்கள் வேண்டப்படும்: ஏறத்தாழ 70க்குக் கீழான நுண்ணறிவு ஈவு, அன்றாட வாழ்வின் திறன்களில் குறைவு, இவை வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியமை. பதுளை, பசறை, ஹாலிஎல, லுணுகலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் இம்மூன்றும் சமூக வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் 1970களிலேதான். முறையான கல்வி கிட்டாத ஒருவர் எழுத்தையும் எண்ணையும் சார்ந்த சோதனையிற் பெறும் குறைந்த புள்ளி அவரது மூளையை அளக்கின்றதா, அவரது வர்க்கத்தை அளக்கின்றதா?

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே வேலையை நாள்தோறும் செய்யும் தோட்ட உற்பத்திமுறையிலே, மெய்யான குறைபாடுடையவரும் புல்வெட்டியும் கொழுந்துமூட்டை சுமந்தும் காலங்கழிக்கலாம். லயத்து மக்கள் அவரை ‘வெள்ளந்தி’ என்று அரவணைத்துக்கொள்வர். பேர் பதியும் செக்ரோலில் அவர் ஏனையோரைப் போல் ஒரு பெயரே. அவரது குறைபாடு முதன்முதலில் விளக்கமறியலிலே வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம். ஆக, கல்வியின்மை குறைபாடாகத் தோன்றுவதும், குறைபாடு கல்வியின்மையாகத் தோன்றுவதும் ஆகிய இருவகைத் தவறுகளுக்கும் இங்கே இடமுண்டு.

இவ்விடத்தில் ‘ஆமாங்க’ என்ற சொல்லை நாம் கருதுதல் வேண்டும். அறிவுசார் குறைபாடுடையோர் அதிகாரமுடையவரின் வினாவுக்கு இசைந்து விடையளிக்கும் இயல்பினர் என்பது உளவியலார் அறிந்தது. ஐஸ்லாந்தில் பிறந்த உளவியலாளர் கிஸ்லி குட்ஜோன்சன் 1984இல் இவ்விசைவை அளக்கும் அளவுகோலொன்றை வெளியிட்டார். தோட்டத்திலோ துரைக்கும் கங்காணிக்கும் ‘ஆமாங்க’ சொல்லுதல் தலைமுறைகளாகப் பயிற்றப்பட்ட தற்காப்பு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்றவொப்புதல் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச்சட்டப்படி எதிரிக்கெதிராகச் செல்லாது என்பது உண்மையே. ஆனால் அவ்வாக்குமூலத்தின் வழி கண்டெடுக்கப்படும் பொருள் பற்றிய பகுதி செல்லும். ஓர் ‘ஆமாங்க’வின் விலை அங்கேயே தீர்மானமாகிவிடுகின்றது.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்காடுவோர் தமிழில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை ஏற்கின்றது. அவ்வுரிமை மருத்துவர் முன்னிலையிலும் முழுமையாக நிறைவேற வேண்டும். சிங்களத்திற் கேட்கப்பட்டு, இடையில் நிற்கும் காவலரால் அரைகுறையாகப் பெயர்க்கப்படும் வினாவுக்கான விடை நோயறிதலாகாது. அத்துடன், ஏட்டுச் சான்று இல்லாத இடத்தில் மனிதச் சான்று உண்டென்பதை நாம் வலியுறுத்துகின்றோம். பிள்ளைக் காம்பராவின் ஆயா, பாடசாலை ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், கூட வேலை செய்தோர் ஆகியோரே ஒருவரது குழந்தைப் பருவத்தின் உயிருள்ள ஆவணங்கள். அவர்களைத் தேடிச் சென்று கேட்டல் பரிசோதனையின் பகுதியாதல் வேண்டும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோர் உரிமைகளை ஏற்றது. 2016இல் ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை பின்னுறுதிப்படுத்தியது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனைத் தாமே கேட்டுப்பெற இயலாதவர்தாம் எதிரிக் கூண்டில் நிற்கின்றார். அவர் சொல்லும் ‘ஆமாங்க’வை உடன்பாடெனக் கொள்ளுமுன், வினா அவருக்கு விளங்கியதா எனக் கேட்பதே நீதியின் முதற்படியாகும்.