வாடகை வீடும் வாடைக் காற்றும்

காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர் தமிழர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வன்னியிற் கமஞ்செய்வோரும் கடலுக்குப் போவோரும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று சொல்லியே பருவத்தைக் கணிப்பர். ஒரு திசைக்கும் அடங்காத காற்று ஒன்றுண்டு. அதுவே சூறாவளி. சூறை என்னுஞ் சொல்லுக்குச் சுழல்காற்று என்றும் கொள்ளை என்றும் பொருளுண்டு. வன்னியின் அனுபவத்துக்கு இரண்டும் பொருந்தும்.

1964 டிசம்பர் 22ஆந் திகதி வவுனியாப் பகுதியைக் கடந்து சென்ற புயலே அன்றிரவு பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. 2008 நவம்பரில் வந்த 'நிஷா', போரினால் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்தோரை வெள்ளத்தில் நிறுத்தியது. 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு 'புரெவி' திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிற்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவையெல்லாம் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தவை என்பதை நோக்குக. சூறாவளி அழையாத விருந்தாயினும் அறியாத விருந்தன்று.

சொந்த வீட்டார் இதற்கு ஆயத்தஞ் செய்வது பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வாடகை வீட்டிற் குடியிருப்பவன் என்ற முறையில் நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். பிறர் இல்லில் ஒதுங்கியிருக்கும் இடத்தைத் 'துச்சில்' என்றனர் முன்னோர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நகரங்களிலே ஆசிரியரும் உத்தியோகத்தருமாகப் பலர் இன்று துச்சில் வாழ்வினரே. திறப்பைக் கையிற் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தை நாம் அறிந்ததே: "உங்கட வீடு மாதிரி நினைச்சு இருங்கோ, வாத்தியார்."

இது உபசார வார்த்தை. ஆயினும் கார்த்திகை பிறந்ததும் வினாவாக மாறிவிடும். கூரைத் தகரத்திற் கழன்ற ஆணியை மாற்றுவிப்பவர் யார்? ஓட்டின்மேற் சாய்ந்து நிற்கும் மாமரக் கொப்பை வெட்டுவிப்பவர் யார்? வீட்டுக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். 'குடியிருப்பவர் பார்ப்பார்' என்று எண்ணுவார். குடியிருப்பவரோ, 'வீடு நம்முடையதன்றே' என்று எண்ணுவார். இருவரும் நல்லவரே. எனினும் ஆணி கழன்றபடியே இருக்கும். கொப்பும் சாய்ந்தபடியே நிற்கும்.

ஆகவே முதல் ஆயத்தம் ஆணியும் கயிறுமன்று, பேச்சே. ஆவணி, புரட்டாதியிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்து, பழுதுகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்புதல் வேண்டும். செலவு யாருடையது, வாடகையிற் கழிக்கப்படுமா என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுதல் இருவருக்கும் நலம். இதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. வீட்டின்மேல் உள்ள அக்கறையையே அது காட்டும்.

இரண்டாவது, கிராம உத்தியோகத்தரிடம் பெயரைக் கொடுத்து வைத்தல். வெளியூரிலிருந்து வந்தவரின் பெயர் சொந்த ஊரிலே பதிவாகியிருக்கும். குடியிருக்கும் ஊர்ப் பட்டியலில் இராது. பட்டியலில் இல்லாதவரை வெள்ளத்தன்று தேடுவார் யார்?

எச்சரிக்கை வந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. முற்றத்திற் கிடக்கும் தகரத் துண்டு, வாளி, கதிரை ஆகியவற்றை உள்ளே எடுத்தல் வேண்டும். புயலில் அவை ஆயுதமாகும். குடிநீரை நிரப்பிக் கிணற்றை மூடுக. மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துக. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, வாடகை ஒப்பந்தம் என்பவற்றைப் பொலித்தீன் பையில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க. போர்க்காலத்திற் பத்திரப் பையோடு ஓடிப் பழகிய வன்னி மக்களுக்கு இதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. புத்தகங்களை மேல் தட்டில் ஏற்றுக.

காற்றின் போக்கையும் அறிதல் வேண்டும். கிழக்கிலிருந்து வரும் புயல் நம் வீட்டின் நேரே கடக்குமாயின் முதலில் வாடையாக அடிக்கும்; நடுவிலே திடீரென ஓயும்; பின்னர் தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்பும். தென்றலின் திசையிலிருந்து வரினும் அது தென்றலன்று. அந்த ஓய்வை நம்பிக் கதவைத் திறந்து வெளியே சென்றோர் மறுகாற்றில் அகப்படுவர். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். ஆதலாற் கதவும் யன்னலும் இறுதிவரை மூடியிருத்தல் அவசியம். உறுதியற்ற தகரக் கூரையாயின் காற்று எழுமுன்னரே அயலிலுள்ள பாடசாலைக்கோ கல்வீட்டுக்கோ போய்விடுதல் அறிவுடைமை.

காற்றுப் போனபின்னும் வன்னியில் ஆபத்துப் போவதில்லை. தெற்கே பெய்த மழை கனகராயன் ஆற்றின் வழியே இரணைமடுவுக்கு வந்து சேரும். குளம் நிறைந்து வான்கதவு திறந்தால், தாழ்நிலங்களில் வானம் வெளித்தபின்னும் வெள்ளம் ஏறும். 2018 டிசம்பரிற் கிளிநொச்சி மக்கள் குளத்துப் பெருக்கின் வலிமையைக் கண்டனர். ஆகையால் மழை விட்டதென்று பையை அவிழ்த்துவிடலாகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுக, சிறுவருக்கும் சொல்லிவைக்க. வெள்ளம் மூடிய கிணற்றைச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவித்த பின்னரே பயன்படுத்துக.

வீடு யாருடையதென்று உறுதி சொல்லும். அதற்குள் உறங்கும் பிள்ளைகள் யாருடையவர் என்பதற்கு உறுதி வேண்டியதில்லை. வீட்டுக்காரர் கூரையைப் பார்க்கட்டும். குடியிருப்பவர் கதவைப் பார்க்கட்டும். இருவரும் புரட்டாதி முடியுமுன் ஒருமுறை பேசிக்கொள்ளட்டும்.