பைதன் கூறுகளிடையே முரண்பாடும் அதனைத் தீர்த்தலும்

பிறரால் எழுதப்பட்டு, நமது செய்நிரலில் இணைத்துப் பயன்படுத்தக்கூடிய பகுதி கூறு (மொடியூல்) எனப்படும். உபுண்டு பணிசெயல் முறைமையில் பைதன் கூறுகளை இரு வழிகளில் நிறுவலாம்.

அ. ஏ.பி.டி.: உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து, ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளைப் பெறும். இவை சற்றுப் பழையனவாக இருக்கலாம்.
ஆ. பிப்: பைதனின் பொதுக் களஞ்சியமான பைபிஐயிலிருந்து புதிய பதிப்புகளைப் பெறும்.

இரண்டும் வெவ்வேறு கோப்புறைகளில் நிறுவும். பிப் நிறுவியதை ஏ.பி.டி. அறியாது.

முரண்பாடு எழும் விதம்

பைதன் கோப்புறைகளை ஒழுங்குவரிசையில் தேடி, முதலிற் காணும் பிரதியையே எடுக்கும். வழமையாக பிப் நிறுவிய பிரதியே முதலில் அகப்படும்.

உதாரணம்: வட்டவளைப் பாடசாலையொன்றில் மாணவர் பலர் ஒரே பயனர் கணக்கைப் பகிர்வதாகக் கொள்வோம். உபுண்டு 22.04 இல் ஏ.பி.டி. தந்த நம்பை 1.21.5 உம் மட்பிளாட்லிப்பும் உள்ளன. ஒருவர் பிப் மூலம் நம்பையை 2 ஆம் தொடருக்குத் தரமுயர்த்துகின்றார். 2024 யூனில் வெளியான நம்பை 2.0, முந்திய தொடருக்கெனத் தொகுக்கப்பட்ட கூறுகளுடன் பொருந்தாது. எனவே மற்றவர்களின் வரைபுச் செய்நிரல்களும், ஓர் எழுத்தேனும் மாற்றப்படாமலே, வழுக்காட்டும்.

தீர்க்கும் படிமுறை

1. கூறின் '__பைல்__' பண்பை அச்சிட்டு, அது எந்தக் கோப்புறையிலிருந்து வருகின்றதென அறிக. கூறு ஏற்றப்படாவிடின் 'பிப் ஷோ' கட்டளையைப் பயன்படுத்துக.
2. 'பிப் அன்இன்ஸ்டால்' கட்டளையால் பிப் நிறுவிய பிரதியை மட்டும் நீக்குக. பழைய பிரதி மீண்டும் பயனுக்கு வரும்.
3. புதிய பதிப்பு தேவையெனின் 'பைதன்3 -எம் வென்வ்' கட்டளையால் அச்செயற்றிட்டத்துக்கெனத் தனியான மெய்நிகர்ச் சூழலை ஆக்கி, அதனை இயங்கச்செய்து, தேவையான கூறுகள் அனைத்தையும் அதனுள் நிறுவுக.
4. 'பிப் ப்ரீஸ்' தரும் பதிப்புப் பட்டியலைச் சேமித்து வைக்குக.

குறிப்பு: வென்வ் 2012 இல் பைதன் 3.3 உடன் அறிமுகமானது. 2023 இல் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 முதலாக, மெய்நிகர்ச் சூழலுக்கு வெளியே பிப் மூலம் நிறுவுதல் தடுக்கப்படுகின்றது. தடையை மீறும் தெரிவு உண்டு, அதனைத் தவிர்க்குக.

மாதிரி வினா

முரண்பாட்டைத் தீர்க்க ஏ.பி.டி. நிறுவிய பிரதியை நீக்குதல் ஏன் உகந்ததன்று?

விடை: அதில் வேறு மென்பொருள்கள் தங்கியிருக்கலாம். அதனை நீக்கும்போது அவையும் சேர்ந்து நீக்கப்படும்.