பெயிண்ட்பால் கருவிக்கு எந்தக் குழல்?

நீளமான குழல் குண்டை நெடுந்தொலைவுக்குக் குறி தவறாமல் செலுத்தும் என்பது, பெயிண்ட்பால் விளையாட்டில் புதிதாக ஈடுபடுவோரிடம் பரவலாகக் காணப்படும் நம்பிக்கை. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இவ்விளையாட்டுக்கென மைதானங்கள் வந்துவிட்டன. அலுவலகக் குழுக்களும் மாணவர்களும் விடுமுறை நாள்களில் அங்கே செல்கின்றனர். சிலர் வாடகைக் கருவியோடு நின்றுவிடாமல் சொந்தமாக வாங்கவும் முற்படுகின்றனர். கருவியை வாங்கிய கையோடு அவர்கள் நாடுவது பெரும்பாலும் புதிய குழலைத்தான். ஒரு நல்ல குழல் தொகுப்பின் விலை தொடக்கநிலைக் கருவியின் விலையையே எட்டிவிடுவதுண்டு. ஆகவே, வாங்குமுன் சற்றுச் சிந்திப்பது நன்று.

இந்த விளையாட்டு பிறந்தது அமெரிக்காவில். 1981 ஜூன் மாதம், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர் என்னும் ஊரில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினர். அவர்கள் கையில் இருந்தவை, வெட்டவேண்டிய மரங்களுக்கும் மேய்ச்சல் மாடுகளுக்கும் தொலைவிலிருந்தே வண்ண அடையாளம் இடுவதற்காகச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் 007 கருவிகள். ஆட்டத்தைத் திட்டமிட்டவர்களுள் ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகரும் ஒருவர் என்பது நம் துறையினருக்குச் சுவையான செய்தி. வென்றவரோ ஒரு குண்டைக்கூடச் சுடவில்லை! இக்கருவியைத் துப்பாக்கி என்று சொல்லாமல் ‘மார்க்கர்’ என்று வழங்குவதும் அந்த அடையாளமிடும் தொழிலின் எச்சமே.

இனி நீளத்தைப் பார்ப்போம். அழுத்தப்பட்ட வாயு விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குழலின் முதல் 8 அங்குலம் அளவிலேயே குண்டு தனது வேகத்தின் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறது. அதற்குமேல் உள்ள நீளம் உராய்வைத்தான் கூட்டும். அதே வேகத்தைப் பெற அதிக வாயு செலவாகும். 12 முதல் 14 அங்குலக் குழல்கள் பரவலாகப் பயன்படுவது, தடுப்பின் மறைவிலிருந்து நீட்டிச் சுட வசதியாக இருப்பதாலும், முனைப் பகுதியிலுள்ள துளைகள் வாயுவை மெல்ல வெளியேற்றி ஓசையைக் குறைப்பதாலுமே. 16 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலுக்குப் பணம் கொடுப்பது தோற்றத்துக்குக் கொடுக்கும் பணம் என்பது என் கருத்து.

உண்மையில் கவனிக்கவேண்டியது உள்விட்டம். குண்டின் அளவு 0.68 அங்குலம், அதாவது ஏறத்தாழ 17.3 மில்லிமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் குண்டின் ஓடு ஜெலட்டினால் ஆனது. நம் வீட்டு மருந்து மாத்திரையின் உறையைப் போன்றது. ஈரக்காற்றில் அது உப்பும், மிருதுவாகும். குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். எனவே ஒரே நிறுவனத்தின் குண்டுகள்கூடப் பருவத்துக்கும் சேமித்த இடத்துக்கும் ஏற்ப அளவில் மாறும். குழல் குண்டைவிடப் பெரிதாயின், வாயு பக்கவாட்டில் கசிந்து வீணாகும். கருவியைச் சாய்த்தால் குண்டு தானே உருண்டு விழவும் கூடும். மிகச் சிறிதாயின், குண்டு குழலுக்குள்ளேயே உடையும்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. குழலைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, அதன் பின்முனையில் ஒரு குண்டை இடுங்கள். தங்காமல் உருண்டோடினால் குழல் பெரிது. நெருக்கிப் பிடித்துக்கொண்டு, பலமாக ஊதினாலும் நகராவிட்டால் குழல் சிறிது. நின்ற இடத்தில் நின்று, ஒரு சிறு ஊதலில் வெளியேறினால் பொருத்தம் சரி. இந்தக் காரணத்தால்தான் 0.679 முதல் 0.695 அங்குலம் வரையிலான உட்குழாய்களை மாற்றிப் பொருத்தும் தொகுப்புகள் விற்கின்றன. அனைத்தையும் வாங்கவேண்டிய தேவை இல்லை. தாங்கள் வழக்கமாக வாங்கும் குண்டுக்கு ஏற்ற இரண்டு மூன்று அளவுகள் போதும்.

மரையும் முக்கியம். ஆட்டோகாக்கர், ஸ்பைடர், டிப்மன் 98, டிப்மன் ஏ-5 எனக் கருவிதோறும் மரை வேறுபடும். ஒன்றுக்குரிய குழல் மற்றொன்றில் ஏறாது. அலுமினியமா, எஃகா, கார்பன் இழையா என்பது எடையையும் விலையையும் மாற்றுமே தவிர, குறியை மாற்றாது. திரவம் நிறைந்த குண்டு, நடுவே ஓட்டின் தையல் உடையது. சீரற்ற குண்டை எக்குழலும் நேராக்காது. கையிருப்பு குறைவாயின் அதை நல்ல குண்டுகளுக்கே செலவிடுவேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடலாகாது. பல மைதானங்களில் வேக உச்சவரம்பு விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர்; உள்ளரங்குகளில் இதனினும் குறைவு. கருவியின் அமைப்பைத் தொடாமல், குழலை மட்டும் இறுக்கமானதாக மாற்றினாலே வேகம் உயர்ந்துவிடும். அந்த வேகத்தில் வரும் குண்டு, முகக்கவசம் அணியாத கண்ணின் பார்வையையே பறிக்க வல்லது. ஆகவே குழலை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேகமானியில் சுட்டுப் பார்த்து, வேகத்தைத் திருத்தியபின்னரே களத்தில் இறங்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும், முகக்கவசத்தைக் கழற்றுமுன் குழலின் வாயில் உறையை மாட்டிவிடவேண்டும். வாடகைக் கருவி எடுப்போரும் அன்று வேகம் அளக்கப்பட்டதா என்று மைதானப் பணியாளரிடம் கேட்கலாம். முதல் சில குண்டுகளே வளைந்து சென்றால், முந்தையவர் உடைத்த வண்ணம் குழலில் ஒட்டியிருக்கும். துடைத்துத் தரச் சொல்லுங்கள்.