சோறு இறங்கவில்லையா?
சுருங்கிய உணவுக் குழாயை விரிக்கும் வைத்தியம்

அவள் ஒரு சின்னஞ்சிறு பெண். வீட்டில் இருந்த காரத்தைத் தெரியாமல் விழுங்கிவிட்டாள். உணவுக் குழாய் வெந்தது. புண் ஆறியபோது குழாய் சுருங்கிப் போயிற்று. பல நாட்களாகத் தண்ணீர் கூட இறங்கவில்லை!

அவளுக்கு வைத்தியம் செய்தவர் அமெரிக்க டாக்டர் செவாலியர் ஜாக்சன். வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, உள்ளே அடைத்துக் கிடந்ததை எடுத்தார். பிறகு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். புரை ஏறுமே என்று பயந்தபடி, சிறுமி ஒரு மடக்குக் குடித்தாள். இறங்கியது! இன்னொரு மடக்கு. அதுவும் இறங்கியது. உடனே கிளாசை ஒதுக்கிவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

காரம் விற்கும் டப்பாக்களில் "விஷம்" என்று அச்சிட வேண்டும் என ஜாக்சன் பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். குழந்தைக்கு என்ன தெரியும்? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது ஆசிட் மறுபடியும் சுடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு

ஆசிட் குடிக்காதவர்களுக்கும் இது வரும். வயிற்றுப் புளிப்பு ஆண்டுக்கணக்கில் மேலே எதுக்களித்தால் குழாய் புண்ணாகிச் சுருங்கும். முதலில் சோறு நிற்கும். அப்புறம் கூழ் நிற்கும். புற்றுநோயிலும் இதே தொல்லைதான். அதனால் "சூடு பிடித்திருக்கிறது" என்று மோர் குடித்துக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து.

இளையரசனேந்தல்காரர்கள் கோவில்பட்டி போய், நெல்லைக்குப் பஸ் ஏறலாம். 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது.

டாக்டர் விளக்குள்ள மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சதையில் துளி எடுத்துச் சோதிப்பார். வெறும் சுருக்கம் என்றால், சிறு பலூனை உள்ளே வைத்து ஊதியோ, வரவரப் பருமனான குழாய்களைச் செலுத்தியோ விரிப்பார். ஒரே நாளில் முழுவதும் விரிப்பதில்லை. அவசரப்பட்டால் கிழிந்துவிடும்! பலர் சில வார இடைவெளியில் பல முறை வர வேண்டியிருக்கும். புளிப்பை அடக்கும் மாத்திரையும் உண்டு. விரித்த பிறகு நெஞ்சு வலியோ காய்ச்சலோ வந்தால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

எவ்வளவு விரித்தும் பயனில்லையா? ஆபரேஷன் செய்து, இரைப்பையையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ மேலே கொண்டுவந்து புதுப் பாதை அமைக்கிறார்கள். சோறு அந்த வழியாக இறங்குகிறது.